ஒரு சார்ஜில் முடியும் படங்கள்

கலியாண வீடியோவில் முகத்தை வெளுப்பாக்க என்னிடம் ஒரு பட்டன் இருந்தது. பட்டன் என்றால் பட்டன் இல்லை, எடிட்டிங்கில் நானே செய்து வைத்திருந்த ஒரு செட்டிங். முகத்தைத் தேடிப் பிடிக்கும், வெளிச்சத்தைக் கூட்டும், மஞ்சளைக் கொஞ்சம் உறிஞ்சி எடுக்கும், பரு, வடு, தழும்பு எல்லாவற்றையும் மெழுகி விடும். அதற்குப் ‘பூசு’ என்று பெயர் வைத்திருந்தேன். கல்முனையில் நான் வேலை செய்த ஸ்டூடியோவில் எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும். “அந்தப் பொம்பிளைக்கு ரெண்டு பூசு போடு” என்பார்கள். பொதுநிறத்துக்கு ஒரு பூசு, கறுப்புக்கு இரண்டு. இதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. போடாவிட்டால்தான் கேட்பார்கள்.

2022 தை மாதம் திருக்கோவில் பக்கம் ஒரு கலியாணம் எடுத்தோம். பொம்பிளை நல்ல கறுப்பு. கூறை அரக்குச் சிவப்பு. இரண்டு பூசு போட்டு, பாட்டுச் சேர்த்து, மூன்று கிழமை கழித்துப் பென்டிரைவோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். எங்கள் தொழிலில் இதுவும் ஒரு சடங்கு. அயலட்டை எல்லாம் வந்து குந்தும், தேத்தண்ணியும் பலகாரமும் வரும், எடுத்தவன் ரீவிக்குப் பக்கத்தில் நின்று பாராட்டு வாங்க வேண்டும். முன்வரிசையில் பொம்பிளையின் பெத்தா இருந்தார். கண்ணில் வெள்ளை எடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, புதுக்கண். தாலி கட்டுகிற இடம் வந்ததும் திரும்பி என்னைப் பார்த்தார்.

“மனே, இது ஆருட புள்ள?”

எல்லோரும் சிரித்தார்கள். “என்னகா இது, உங்கட பேத்தியத் தெரியல்லையா?” என்று யாரோ கேட்டார்கள். பெத்தா விடவில்லை.

“என்ட பேத்தி கறுப்புப் புள்ள. இந்தப் புள்ளைக்கு என்னவோ வருத்தம் போல இருக்கு.”

இன்னும் சிரிப்பு. நானும் சிரித்தேன். மூன்று கிழமையாகப் பார்த்தும் கண்ணில் படாத ஒன்று அப்போதுதான் திரையில் தெரிந்தது. என் பூசு முகத்தை மட்டும்தான் பிடிக்கும், கையைப் பிடிக்காது. தாலி ஏறும்போது அந்தப் பிள்ளை கும்பிட்ட கை நாடிக்குக் கிட்ட இருந்தது. மருதோண்டி போட்ட கறுத்த கை. அதற்கு மேலே மாவில் பிடித்து வைத்தது மாதிரி ஒரு முகம். பொம்பிளை சிரிக்கவில்லை. ரீவியைப் பார்ப்பதும் மடியில் கிடந்த தன் கையைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

எழுத உட்கார்ந்தது கலியாணத்தைப் பற்றி இல்லை, பெரிய ஸ்டூடியோக்களைச் சாராமல் எடுக்கிற, நிறம் ததும்புகிற சுயாதீனப் படங்களைப் பற்றித்தான். இதில் தொடங்கியதற்குக் காரணம், அந்தப் படங்களில் அப்படி என்னடா இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு முதலில் அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது.

அந்த வருஷத்தை இலங்கையில் யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. டீசலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை. கலியாணங்கள் தள்ளிப் போயின, அல்லது வீட்டு முற்றத்தில் போன் கமராவோடு முடிந்தன. எனக்கு வேலை இல்லை. நண்பன் ஒருவன் எப்போதோ தந்த ஹார்ட் டிஸ்க் ஒன்று மேசை லாச்சிக்குள் கிடந்தது. உலகப் படங்கள், சுயாதீனப் படங்கள் என்று நிரப்பித் தந்திருந்தான். என் லப்டொப் பட்டரி கிழண்டியது, திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் ஒரு மணித்தியாலம் இருபது நிமிடம் தாங்கும். ஆகவே எனக்கு ஒரே ஒரு விதி இருந்தது: எண்பது நிமிடத்துக்குள் முடிகிற படம். நம் பெரிய நாயகர்களின் படங்களில் அந்த நேரத்துக்கு இடைவேளையே வந்து முடிந்திருக்காது. கையில் காசில்லாமல் எடுக்கிறவர்களின் படங்கள்தான் ஒரு சார்ஜில் அடங்கும். படப்பிடிப்பு ஒரு நாள் நீண்டாலும் அவர்களுக்குக் கடன் ஏறும், அதனால் சுருக்கமாகச் சொல்லப் பழகியிருக்கிறார்கள். கலை ஆர்வத்தால் இந்தப் படங்களுக்கு வந்தேன் என்று பெருமையடிக்க எனக்கு வழியில்லை. பட்டரி சொன்னதைக் கேட்டேன்.

அப்படி முதலில் மாட்டியது ‘மாதுளைகளின் நிறம்’. 1969இல் வந்த ஆர்மேனியப் படம், இயக்கம் செர்கேய் பரஜானோவ், ஓட்டம் 78 நிமிடம். நுளம்பு வலைக்குள் இருந்து பார்த்தேன். முதல் பத்து நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை, உண்மையைச் சொன்னால் இன்றைக்கும் பாதி விளங்காது. 18ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சயாத் நோவாவின் வாழ்க்கை என்கிறார்கள். ஆனால் கதை என்று நாம் சொல்வது அதில் இல்லை. கமரா அசையாது. சுவரில் மாட்டிய படம் போல ஒவ்வொரு காட்சியும் நிற்கும். அதற்குள் ஆட்கள் நின்று நேராக நம்மைப் பார்ப்பார்கள். இதை நிறுத்திவிட்டு வேறு போடுவோமா என்று நினைத்த நேரம், சாயம் தோய்க்கிற இடம் வந்தது. கொதிக்கிற கிடாரத்திலிருந்து கம்பளி நூலைத் தூக்கி எடுக்கிறார்கள். சாயம் கீழே உலோகத் தட்டில் சொட்டுகிறது. சிவப்புச் சொட்டு, நீலச் சொட்டு, சொட்டுகிற சத்தம். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

நான் எழும்பிக் குந்திவிட்டேன். எனக்கு அந்த இடம் தெரியும்.

நான் பெரியநீலாவணைக்காரன். கல்முனைக்குப் பள்ளிக்கூடம் போக மருதமுனையைத் தாண்ட வேண்டும். கிழக்கில் சாரன் உடுக்கிறவர்களுக்கு மருதமுனையைச் சொல்லித் தரத் தேவையில்லை. கைத்தறி என்றால் அந்த ஊர்தான். தொண்ணூறுகளில் சைக்கிளில் போகும்போது வேலியோரம் மூங்கில் தடிகளில் நூல் காயும். கழி கழியாகத் தொங்கும். தோய்த்து அப்போதுதான் போட்டதென்றால் நுனியிலிருந்து சொட்டும், கீழே மணல் நிறம் பிடித்துக் கிடக்கும். நேற்றுச் சிவப்பு ஓடிய கானில் இன்று நீலம் ஓடும். அதைப் பார்த்து இன்றைக்கு என்ன சாரன் நெய்கிறார்கள் என்று நானும் தம்பியும் பந்தயம் பிடிப்போம். பச்சை என்றால் தம்பிக்கு ஒரு ரொபி, கத்தரிப்பூ என்றால் எனக்கு. உள்ளேயிருந்து தறிச் சத்தம், நாடா போய் வருகிற சத்தம். அப்புறம் 2004 டிசம்பர் 26 வந்தது. கடற்கரைப் பக்கம் இருந்த வீடுகளோடு தறிகளும் போயின. மிஞ்சியவர்கள் திரும்பத் தொடங்கினார்கள், ஆனால் பழைய மாதிரி வேலியெல்லாம் நூல் தொங்கியதை நான் பிறகு காணவில்லை.

அந்த வேலியோரத்தை எனக்குத் திருப்பித் தந்தது எங்கேயோ மலைநாட்டில் இருந்த ஒரு மனிதன். நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாதவன். சாயம் தோய்ப்பதை ‘அழகான காட்சி’யாக அவன் எடுக்கவில்லை. அது வேலை. கை சிவக்கும், ஆவி அடிக்கும், நூல் ஈரத்தில் பாரமாக இருக்கும். அந்தப் பாரம் படத்தில் தெரிகிறது. நிறம் என்றால் பாரம் உள்ள பொருள் என்று எனக்குக் காட்டிய முதல் படம் அதுதான். கறாராகப் பார்த்தால் அது சுயாதீனப் படமும் இல்லை. சோவியத் அரசாங்க ஸ்டூடியோ எடுத்த படம். ஆனால் அரசாங்கம் கேட்ட படத்தை அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. பெயரை மாற்றினார்கள், வெட்டித் திருத்தினார்கள். 1973இல் ஆளைப் பிடித்து நான்கு வருஷம் சிறையில் போட்டார்கள். அடுத்த முழுநீளப் படம் எடுக்க அவருக்கு எண்பதுகள் வரை காத்திருக்க வேண்டி வந்தது. இதற்குப் பிறகும் அதைச் சுயாதீனப் படம் இல்லை என்று யாராவது வாதாடினால் நான் மறுக்கப் போவதில்லை, தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவேன்.

‘மூன்லைட்’ ஒரு சார்ஜில் அடங்காது. 111 நிமிடம். மூன்றாம் பாகம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் லப்டொப் செத்துவிட்டது. ஒரு பையனின் வாழ்க்கையை மூன்று வயதில் மூன்று நடிகர்களை வைத்துச் சொல்கிற படம் அது. தங்கப் பல் கட்டிய புது ஆள் ஒருவன் வந்து நின்றதும் திரை கறுத்தது. அடுத்த நாள் கரண்ட் வரும் வரை, இது அந்தப் பையனா, அல்லது அவனுக்கு நீச்சல் பழக்கிய ஆளா என்று குழம்பிக்கொண்டிருந்தேன். ஒஸ்காரில் வேறொரு படத்தின் பெயரை வாசித்துவிட்டுப் பிறகு திருத்தினார்களே, அந்தப் படம்தான். 2016இல் பாரி ஜென்கின்ஸ் மயாமியில் 25 நாளில் எடுத்து முடித்தது. ஒளிப்பதிவு ஜேம்ஸ் லாக்ஸ்டன்.

கறுப்பு மனிதர்கள் மட்டுமே நிறைந்த படம். அவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு என் தொழிலே பிழைத்துப் போனது மாதிரி இருந்தது. நாங்கள் கலியாண வீட்டில் கமராவை எடுக்கும் முன் செய்கிற முதல் வேலை என்ன? “அக்கா, கொஞ்சம் பவுடர் ஒத்துங்க.” வியர்வை மினுங்கினால் படம் கெட்டுவிடும் என்றுதான் எனக்குத் தொழில் பழக்கியவர் சொல்லித் தந்தார். ‘மூன்லைட்’டில் அதற்கு நேர்மாறாகச் செய்திருக்கிறார்கள். நடிகர்களின் தோலில் எண்ணெய் தடவி மினுங்க விட்டார்கள். காரணம் எளிது. வெள்ளைத் தோல் தன்மேல் விழுகிற வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் பரப்பிக் காட்டும், அதில் முகத்தின் வடிவம் தெரிந்துவிடும். கறுத்த தோலில் வடிவம் தெரிவது அந்த மினுக்கத்தில். கன்ன எலும்பு, மூக்குத் தண்டு, நெற்றி மேடு எல்லாம் அங்கேதான் எழும்பி நிற்கும். பவுடர் ஒற்றினால் அந்த மேடு பள்ளத்தைத் துடைத்தெடுத்து விடுகிறோம். பிறகு “முகம் இருட்டா விழுந்திட்டு” என்று சொல்லி வெளிச்சத்தைக் கூட்டுகிறோம், வெளுப்பாக்குகிறோம். நோயைக் கொடுத்துவிட்டு மருந்துக்குக் காசு வாங்குகிற மாதிரித்தான் இதுவும்.

எங்கள் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் எண்ணெய்கூடத் தேவையில்லை. சித்திரை மாதக் கலியாண மண்டபத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

இதைப் பிடித்துக்கொண்டு தேடிப் போனபோது ஷேர்லி கார்டைப் பற்றி வாசித்தேன். கொடக் பிலிம் காலத்தில் லாப்களில் நிறத்தைச் சரிபார்க்க ஒரு பெண்ணின் படம் போட்ட அட்டை அனுப்புவார்களாம். முதலில் அதில் இருந்தவரின் பெயர் ஷேர்லி. வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் சரியாக வந்தால் மற்றதெல்லாம் சரி. கறுத்தவர்கள் நிழலுக்குள் கரைந்து போவது பல வருஷமாக யாருக்கும் பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. பிலிமின் கறுப்பும் மண்ணிறமும் திருத்தப்பட்டதற்கு ஒரு காரணம், சொக்லேட் கொம்பனிகளும் மரத் தளபாடக் கொம்பனிகளும் தங்கள் சாமான் விளம்பரத்தில் சரியாக விழவில்லை என்று முறையிட்டது என அங்கே வேலை செய்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அல்பத்தில் கறுப்பாக, மூக்கும் முழியும் தெரியாமல் விழுந்திருக்கிற என் அப்பாவின் கலியாணப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அப்பா அவ்வளவு கறுப்பில்லை. பக்கத்தில் இருந்த தேக்கு அலுமாரி நன்றாகத்தான் விழுந்திருக்கிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும், தொழில் சங்கதி. எடிட்டிங்கில் வெக்டர்ஸ்கோப் என்று வட்டமான ஒரு அளவி இருக்கிறது. படத்தில் உள்ள நிறங்கள் அந்த வட்டத்துக்குள் புள்ளிகளாக விழும். சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம் என்று. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையில் ஒரு கோடு கீறியிருக்கும். மனிதத் தோல் என்றால், கறுப்போ வெள்ளையோ, புள்ளிகள் அந்தக் கோட்டை ஒட்டித்தான் விழும். தோலின் சாயல் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்று. மாறுவது அது எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்பதுதான். அந்தக் கோட்டை நான் எட்டு வருஷமாகத் தினமும் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் யோசித்ததில்லை. அன்றிரவு திருக்கோவில் கலியாணத்தைத் திறந்து, பூசு போட்ட முகத்தை அளவியில் வைத்துப் பார்த்தேன். முகம் கோட்டை விட்டு எங்கேயோ விலகிப் போய் நின்றது. பெத்தா ‘வருத்தம் போல’ என்று சொன்னது அதைத்தான்.

பூசை எடுத்துவிட்டு அந்த வீடியோவைத் திரும்பச் செய்தேன். காசு கேட்கவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தபோது பொம்பிளையின் தாய் வாங்கிக்கொண்டு, “இது எங்களிட்ட இருக்கட்டும் தம்பி, மாப்பிள்ளை வீட்டுக்குப் பழைய கொப்பியே போதும்” என்றார். இரண்டு கொப்பியும் இப்போது இரண்டு வீட்டில் இருக்கின்றன.

சரி, படத்துக்கு வருவோம்.

‘மூன்லைட்’டின் மூன்று பாகத்துக்கும் மூன்று பிலிம்சுருள் வகைகளின் குணத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். முதலாவதற்குப் புஜி, இரண்டாவதற்கு அக்பா, மூன்றாவதற்குக் கொடக். எடுத்ததென்னவோ டிஜிட்டல் கமராவில். அந்த மாற்றத்தைப் பார்க்கிறவன் கண்டுபிடிக்க மாட்டான், நானும் கண்டுபிடிக்கவில்லை, பிறகு வாசித்துத்தான் தெரியும். ஆனால் இரண்டாம் பாகத்தில் வெளிச்சம் படுகிற இடமெல்லாம் ஒரு நோய்ப்பச்சை ஏறியிருப்பதை வயிறு கண்டுபிடித்துவிடும். அந்தப் பையனுக்குப் பள்ளிக்கூடம் நரகமாக இருக்கிற பாகம் அது.

நிறம் என்றால் கூட்டுவது என்றுதான் எங்கள் தொழிலில் நினைக்கிறார்கள். இணையத்தில் ரெடிமேட் கலர் கிரேட் வாங்கலாம், நிழலுக்கு நீலப்பச்சை, தோலுக்குச் செம்மஞ்சள், எந்தக் கலியாணத்துக்கும் ஒரே கறித்தூள். பாசிக்குடாவில் எடுத்தாலும் நுவரெலியாவில் எடுத்தாலும் ஒரே ஊர். இதில் எனக்குக் கோபம் இருக்கிறது, ஏனென்றால் நானும் விற்றிருக்கிறேன். கடலில் சூரியன் மறைகிற படம் கேட்டு வருகிற சோடிகளும் அப்படித்தான். கொழும்புக் கலியாணப் படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். நம் கடல் கிழக்கே இருக்கிறது தம்பி, இங்கே சூரியன் கடலில் எழும்பும், வாவியில் மறையும். கல்லடியில் நின்றால் கொஞ்சத் தூர நடையில் இரண்டையும் பார்க்கலாம், இப்படி ஒரு வசதி எத்தனை ஊருக்கு இருக்கிறது? ஆனால் கேட்கிறது கடல் அந்தி. விடியற்காலை ஐந்து மணிக்கு மேக்கப்போடு அவர்களை எழுப்பி, விடியலை எடுத்து, அதில் செம்மஞ்சளை ஏற்றி அந்தி என்று கொடுத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்து கண்டுபிடித்தது ஒரு மீன்காரர் மட்டும்தான். “கரைவலை இழுக்கிறவன் பின்னால நிற்கிறான், இது எப்படிப் பின்னேரம்?” என்று கேட்டாராம்.

நிறத்தை நிஜமாகவே கூட்டி, அதில் வெற்றி பெற்ற படமும் உண்டு. ஷோன் பேக்கரின் ‘டேஞ்சரின்’, 2015. மூன்று ஐபோன் 5எஸ், லென்ஸுக்கு முன்னால் மாட்ட ஒரு சிறிய அடப்டர், ஏறக்குறைய ஒரு லட்சம் டொலர் செலவு. 88 நிமிடம், பட்டரி கடைசி எட்டு நிமிடத்தில் என்னைப் பயமுறுத்திக்கொண்டே ஓடியது. லொஸ் ஏஞ்சல்ஸ் தெருவில் வாழ்கிற இரண்டு திருநங்கைகளின் ஒரு நாள், நத்தாருக்கு முதல் நாள். ஏழை எளியவர்களைப் பற்றிய படம் என்றால் நிறத்தைக் குறைத்துச் சாம்பலாக்குவதுதான் வழக்கம், அப்போதுதான் ‘யதார்த்தம்’ என்பார்கள். பேக்கரும் முதலில் அப்படித்தான் செய்து பார்த்தாராம். அந்த மனிதர்களே அவ்வளவு நிறமாக இருக்கும்போது இது பொருந்தவில்லை என்று, எதிர்ப்பக்கமாக, வானம் தோடம்பழமாகும் வரை நிறத்தை ஏற்றிவிட்டார். இரண்டு வருஷம் கழித்து வந்த ‘த புளோரிடா புரொஜெக்ட்’டிலும் இதேதான். டிஸ்னி உலகத்துக்குப் பக்கத்தில், வாடகை கட்ட முடியாத தாயும் மகளும் இருக்கிற விடுதி முழுக்கக் கத்தரிப்பூ நிறம். அந்த நிறம் பொய் சொல்கிற நிறம், ஆனால் அந்தப் பிள்ளைக்கு அதுதான் வீடு.

இதைப் பார்க்கும்போது எனக்குச் சுனாமிக்குப் பிறகு வந்த கமராக்கள் ஞாபகம் வந்தன. எங்கெங்கிருந்தோ வந்து எடுத்தார்கள், குறைசொல்ல ஒன்றுமில்லை, உதவியும் வந்தது. பிறகு அந்த ஆவணப்படங்கள் சிலவற்றைப் பார்த்தபோது எல்லாவற்றிலும் நாங்கள் சாம்பல் நிறத்தில் இருந்தோம். கடல் சாம்பல், மணல் சாம்பல், அழுகிற முகம் சாம்பல். உண்மையில் முகாம் முழுக்க நீலத்திலும் செம்மஞ்சளிலும் தரப்பாள். யாரோ அனுப்பிய பழைய உடுப்பில் எனக்குக் கிடைத்தது கிளிப்பச்சை டீசேட். அழும்போதும் அதைத்தான் போட்டிருந்தேன். இப்போது எங்களை வேறு மாதிரி எடுக்கிறார்கள். சுற்றுலா விளம்பரங்களில் அறுகம்பை முதல் வாகரை வரை கண்ணாடிப் பச்சைக் கடல், வெள்ளை மணல், ஆள் இல்லை. அந்தச் சாம்பலுக்கும் இந்தப் பச்சைக்கும் நடுவில்தான் நாங்கள் சாமான் வாங்கவும் சண்டை பிடிக்கவும் செய்கிறோம். ரோஸ் நிறத்தில் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறோம். கூத்துக் களரியில் கண்ணாடித்துண்டும் மினுக்கலும் தைத்த கரப்புடுப்போடு ராசா வருவதைப் பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் கண்டு வளர்ந்த கண்கள் எங்களுடையவை. எங்கள் கண்ணுக்குச் சாம்பலைப் பழக்குவது கஷ்டம்.

இந்தக் கடலை நிறத்தில் எடுத்தவர்கள் இல்லாமல் இல்லை. சிங்களத்தின் முதல் வர்ணப் படமான ‘ரன் முத்து தூவ’, 1962இல், திருகோணமலைக் கடலுக்கு அடியில் போய் எடுத்தது. அதற்கு 60 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நிறம் என்றால் பல நிறம் என்றும் இல்லை. பி.எஸ்.வினோத்ராஜின் ‘கூழாங்கல்’லை நான் பின்னர்தான் பார்த்தேன். 2021இல் ரொட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது வாங்கிய தமிழ்ப் படம். 75 நிமிடம், என் பட்டரிக்கென்றே எடுத்த மாதிரி. மதுரைப் பக்கத்துப் பொட்டல் வெளி, கோபக்காரத் தகப்பன், கூடவே நடக்கிற மகன். பாறை, செம்மண், வெளிறிய வானம், அவ்வளவுதான். வெயிலை அதில் நிறமாக எடுத்திருக்கிறார்கள். பார்க்கும்போது கண்ணைச் சுருக்கிக்கொண்டே பார்த்தேன், திரை வெளிச்சம் குறைவாக இருந்தும். கச்சான் காத்து அடிக்கிற ஆடி மாதத்தில், வெட்டின வயல் வட்டைக்கு நடுவில் நண்பகலில் நின்றிருக்கிறீர்களா? தை மாதத்தில் வேளாண்மை கண்ணைப் பறிக்கிற அதே இடம், அப்போது ஓலைப்பாய் மாதிரிக் கிடக்கும். அழகில்லை என்று நினைத்து, அந்தப் பக்கம் நான் கமராவை ஒருநாளும் திருப்பியதில்லை. அவர்கள் திருப்பியிருக்கிறார்கள்.

இவ்வளவையும் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. போன வருஷம் ஸ்டூடியோ வேலையை விட்டேன். கலியாணம் இப்போதும் எடுக்கிறேன், சோறு வேண்டுமே. பூசு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பத்தில் நான்கு பேர் வேறு ஆளைப் பார்க்கிறார்கள். மிச்ச நேரத்தில் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு படம் எடுக்கப் பார்க்கிறேன். மருதமுனையில் ஒரு தறிக் கொட்டில், சாயம் தோய்ப்பதிலிருந்து சாரன் மடிப்பது வரை. பேச்சு இல்லை.

அதற்குச் சம்மதித்த நெசவுக்கார அண்ணனுக்கு, அங்கே காக்கா என்பார்கள், அறுபது வயது தாண்டியிருக்கும். முதல் நாள் எடுத்ததைக் கமராவின் சின்னத் திரையில் போட்டுக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

“தம்பி, இது என்ட சாரன் இல்ல.”

“உங்கட தறிதான் காக்கா, இந்தா உங்கட கை.”

“கை என்ட கைதான். சாரன் என்ட இல்ல. இது நீலம்.”

தறியில் இருந்தது கத்தரிப்பூ நிறம். அவர் சொன்னது சரி, கமராவில் நீலமாகத்தான் விழுந்திருந்தது. செட்டிங்கை மாற்றி மாற்றி அரை மணித்தியாலம் மினக்கெட்டேன். வைற் பலன்ஸ் எல்லாம் சரிபார்த்தேன். நீலம் கொஞ்சம் சாம்பல் நீலமானது, அவ்வளவுதான். காக்கா சிரித்துக்கொண்டு தறியில் இருந்த துணியின் ஓரத்தை விரலால் கொஞ்சம் பிரித்துக் காட்டினார். அதில் கத்தரிப்பூ நிற நூலே இல்லை. நீள நூலான பாவு சிவப்பு, குறுக்கு நூலான ஊடை நீலம். இரண்டும் குறுக்கே போய் நெருங்கி நிற்பதால் தூரத்திலிருந்து கத்தரிப்பூவாகத் தெரிகிறது. சின்ன வயதில் கானில் கத்தரிப்பூ நிறம் ஓடும் என்று காத்திருந்து நான் ஏன் அடிக்கடி பந்தயத்தில் தோற்றேன் என்பது முப்பது வருஷம் கழித்து அப்போதுதான் விளங்கியது.

மேலே பார்த்தேன். கொட்டிலுக்குள் மலிவான எல்ஈடி டியூப் இரண்டு. அந்த வெளிச்சத்தில் ஆழ்ந்த சிவப்புக் குறைவு. சிவப்புப் பாவுக்குத் தீனி இல்லை, நீல ஊடை மட்டும் கமராவுக்கு எட்டுகிறது. கண் பழகிய நிறத்தைச் சேர்த்துக்கொள்ளும், கமரா சேர்க்காது. எடிட்டிங்கில் சிவப்பை ஏற்றலாம்தான். ஏற்றினால் காக்காவின் கையும் சேர்ந்து சிவக்கும். கையை மட்டும் தனியாகப் பிடித்து மாற்றலாம். அந்த வேலை எனக்கு நன்றாகத் தெரியும்.

“டியூப்ப நூத்திட்டு, கூரையில ரெண்டு தகரத்தக் கழட்டினா?” என்று கேட்டேன்.

காக்கா கூரையைப் பார்த்தார், வெளியே பார்த்தார். வாவிப் பக்கம் வானம் மங்கிவிட்டிருந்தது.

“இண்டைக்கு ஒண்ணா. நாளைக்குச் சுபஹுத் தொழுதிட்டு வாறன், மகன வெச்சிக் கழட்டுவம். அந்தப் பக்கத்தால கடல் வெளிச்சம் நேரா உள்ளுக்கு விழும். மழ வந்தா நீங்கதான் பொறுப்பு.”

ஐந்தரைக்கு வருவதாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து இரண்டு பட்டரியையும் சார்ஜில் போட்டேன்.